விண்தோணியைக் காப்பாற்ற நான் கொடுத்த மனு

வெட்கத்தில் சிவந்தவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பயத்தில் வெளுத்தவர்களையும் பார்த்திருப்பீர்கள். நான் நான்கு நாட்கள் நீலமாக இருந்தவன். பேச்சுக்குச் சொல்லவில்லை. காது மடல் முதல் கழுத்து வரை அசல் நீலம். அதுவும் எப்போது? பெண் பார்க்கப் போகிற வாரத்தில்.

எல்லாவற்றுக்கும் காரணம் ‘விண்தோணி’ என்ற தொலைக்காட்சித் தொடர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, அடுப்பில் கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில் பார்க்க வேண்டிய தொடர். பூமியில் தண்ணீர் தீர்ந்து, முந்நூறு பேர் ஒரு கப்பலில் ஏறி வேறு கோள் தேடிப் போகிறார்கள். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது கிளம்பியவர்கள். நான் பி.எட். முடித்து, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராகச் சேர்ந்த பிறகும் போய்ச் சேர்ந்தபாடில்லை. (எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போகிற பஸ் மாதிரி, நடுநடுவே நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டே போனார்கள்.) அந்தக் கப்பலில் டாக்டர் நீலன் என்று ஒரு வேற்றுக்கோள்வாசி இருப்பார். உடம்பெல்லாம் நீலம், நெற்றியில் வெள்ளை நட்சத்திரம். என் உயிர் அவர்.

பதிமூன்று வருடமும் அந்தத் தொடரை ஒரே ஆள்தான் எழுதி நடத்திவந்தார். நாங்கள் அவரை ‘ஆசான்’ என்போம். திடீரென்று ஒரு நாள், ஆசான் விலகுகிறார், இனி பொறுப்பு முழுவதும் இன்னார் கையில் என்று சேனலில் அறிவித்தார்கள். அந்த இன்னார், அதுவரை மாமியார் மருமகள் நகைச்சுவைத் தொடர் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி. அவர் வந்ததும் வராததுமாகப் பேட்டி கொடுத்து, டாக்டர் நீலன் விஷயத்தில் சில மாற்றங்கள் இருக்கும் என்று வேறு சொல்லிவிட்டார்.

எங்கள் ‘விண்தோணி ரசிகர் பேரவை’ வாட்ஸ்அப் குழுவில் தீப்பற்றிக்கொண்டது. பேரவை என்றால் மொத்தம் பதினொரு பேர். தலைவர் நான். ‘மாமியார் மருமகள் சண்டை எழுதினவருக்குக் கருந்துளையைப் பற்றி என்ன தெரியும்?’ என்று பொங்கினேன். (இருபத்தேழு வயது. எனக்கு இரண்டைப் பற்றியும் ஒன்றும் தெரியாது.) பொங்கியதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. கலெக்டரிடம் மனு கொடுப்போம் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் அது சிரிக்கிற விஷயமில்லை. எங்கள் தெருவிளக்கை ஒரே ஒரு திங்கட்கிழமை மனுவில் எரியவைத்தவள், டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற என் அம்மா. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஆண்டவருக்கு அடுத்தபடி கலெக்டர்தான். குடிதண்ணீர் வரவில்லையா, கலெக்டர். பக்கத்து வீட்டு முருங்கை நம் சுவரில் சாய்கிறதா, கலெக்டர். ஆசானை மாற்றிவிட்டார்களா? அதற்கும் அவர்தானே.

திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலிக் குடத்தை மாலையாகப் போட்டுக்கொண்டு வருவார்கள், வாடிப்போன வாழைக்கன்றைத் தோளில் தூக்கி வருவார்கள். வாசலில் நிற்கிற நிருபர்கள் அவர்களைத்தான் படம் எடுப்பார்கள். எனவே பதினொரு பேரும் டாக்டர் நீலனாக வேஷம் போட்டுப் போவது என்று குழுவில் ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

இதற்கிடையில் அந்த வாரம் வியாழக்கிழமை ஷீபாவைப் பெண் பார்க்கப் போக ஏற்பாடாகியிருந்தது. ஷீபா ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். நாசரேத்தில் ஒரு கல்யாண வீட்டில் அவளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பந்தியில் வரிசை தாண்டி நுழைந்த ஒரு தடித்த மனிதரை, “அண்ணாச்சி, நாங்கல்லாம் கோயில் திருவிழா பாக்கவா நிக்கோம்? பின்னால போங்க” என்று சட்டைக் கையைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாள். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு வேறு பெண்ணின் போட்டோவைக் காட்டினால் சோறு இறங்கவில்லை. ஒன்றரை வருடம் அம்மாவிடம் கெஞ்சி, அம்மா அங்கே இங்கே சொல்லிப் பிடித்து வந்த சம்பந்தம் அது.

“ஏலே, வியாழக்கிழம வரைக்கும் மட்டும் மனுசனா இருலே. அதுக்கப்புறம் அவ பாடு” என்று அம்மா ஞாயிறு ராத்திரி சொன்னாள்.

திங்கள் காலையில் வீட்டு மோட்டார் ஓடவில்லை. ஆற்றில் போய் முங்கிக் குளித்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு பாட்டில் சொட்டு நீலத்தைப் பவுடரில் குழைத்துப் பூசினேன். பூசும் முன்பே நெற்றியில் நட்சத்திர வடிவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காய்ந்ததும் உரித்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட். கண்ணாடியில் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே மெய்சிலிர்த்தது.

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்றால் பேரவையில் ஒருத்தனையும் காணோம். ஒருவனுக்கு வயிற்றுவலி. ஒருவனுக்கு மாமனார் வந்திருக்கிறார். செயலாளர் போனையே எடுக்கவில்லை. திரும்பிப் போயிருக்கலாம். தலைவருக்கு ரோஷம் விடவில்லை.

வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் மனு எழுதுகிற அண்ணாச்சி ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“பட்டாவா, பாதையா, பென்சனா?”

“எழுத்தாளர மாத்திட்டாங்க அண்ணாச்சி. மாத்தக் கூடாதுன்னு எழுதணும்.”

“டிரான்ஸ்பரா? எந்த ஆபீசு?”

“விண்தோணி.”

“அது எந்தத் தாலுகா?”

“தாலுகா இல்ல அண்ணாச்சி. விண்வெளி.”

“எங்கனயும் இருந்துட்டுப் போட்டும். அவரு எத்தன வருசமா இருக்காரு?”

“பதிமூணு வருசமா.”

அண்ணாச்சி பேனாவை நிறுத்தினார். “ஒரே சீட்லயா? பதிமூணு வருசம் ஒரே சீட்ல இருந்தவர மாத்தாம என்னவே செய்வாங்க?”

இருந்தாலும் தொழில் தெரிந்தவர். ‘மேற்படியார் நேர்மையானவர் என்பதாலும், பொதுமக்களிடம் கனிவுடன் பழகுபவர் என்பதாலும், அன்னாரை அதே பணியிடத்தில் தொடர்ந்து பணிபுரிய ஆவன செய்யுமாறு’ என்று கடகடவென்று எழுதிக் கொடுத்தார். காசை வாங்கும்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். “மூஞ்சிக்கு என்னவே?” என்றார். வேஷம் என்றேன். “சவத்த” என்று சலித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வரிசையில் எனக்கு முன்னால் நூறு பேராவது இருப்பார்கள். சித்திரை வெயில். வியர்க்க வியர்க்க நீலம் கரைந்து, பூசாத சந்துபொந்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் பக்கத்தில் நின்ற ஒரு கூட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து விவசாயிகள். எங்கள் ஊர்ப் பக்கம் ஆற்றில் சாக்கடை கலக்கிறது என்று மாவட்டம் தாண்டி வந்து மனு கொடுக்க, கலங்கல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் சுடலைமுத்து, வாழை போடுகிறவர், வாட்டசாட்டமான ஆள். என்னிடம் பைய வந்து கேட்டார்.

“தம்பி, ஆத்துல குளிச்சியளோ?”

“ஆமா அண்ணாச்சி. காலையிலதான் குளிச்சேன்.”

“எப்ப இருந்து இப்படி இருக்கு?”

“காலையில இருந்துதான்.”

“எரியுதா?”

“எரியத்தான் செய்யுது.”

“வேற யாருக்கும் இப்படி உண்டுமா?”

“மொத்தம் பதினோரு பேரு அண்ணாச்சி. வாரேன்னு சொன்னானுவ. எல்லாவனும் படுத்துட்டானுவ.”

இதில் ஒரு வார்த்தை பொய் உண்டா, சொல்லுங்கள். சுடலைமுத்துவின் கண் கலங்கிவிட்டது. “ஏ, இங்கன வாங்கடே! இந்தப் பிள்ளையப் பாருங்கடே! ஆறு செஞ்ச வேலையப் பாருங்க! நெத்தியில கொஞ்சம் எடந்தான் தப்பிச்சிருக்கு!” என்று அவர் போட்ட சத்தத்தில் நிருபர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். இன்னொருவர் சாக்கடைப் பாட்டிலை என் கையில் கொடுத்து நெஞ்சோடு பிடிக்கச் சொன்னார்.

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். “பேசாதீய தம்பி, மூச்சு வாங்கும்” என்று சுடலைமுத்து தடுத்தார். அதோடு, கூட்டம் வழிவிட்டு என்னை நேராக முன்னால் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. இங்கேதான் நான் செய்த அயோக்கியத்தனம். சொன்னால் நூறு பேருக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டே நிமிடத்தில் கலெக்டர். நான் வாயை மூடிக்கொண்டேன்.

என்னைப் பார்த்ததும் கலெக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சுடலைமுத்து, “பதினோரு பேரு இப்படிக் கெடக்காங்கம்மா” என்றார். நான் விண்தோணி மனுவை நீட்டினேன். “நான் பாத்துக்கறேன், நீங்க பயப்படாதீங்க. முதல்ல இவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. மனு கொடுக்கப் போய் ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு திரும்பியவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் சட்டையில் இரண்டு பொத்தானைக் கழற்றிப் பார்த்தார்.

“கழுத்துக்குக் கீழ ஏன் தம்பி மாநிறமா இருக்கு?”

“அங்க சட்ட மறச்சிரும்னு பூசல சார்.”

அவர் ஸ்டெதஸ்கோப்பை மெதுவாக மேஜையில் வைத்தார். “என்னத்தப் பூசுனீங்க?”

“சொட்டு நீலம் சார். ரெண்டு பாட்டில்.”

ஐந்து நிமிடம் திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சீட்டில் ‘நோய் எதுவும் இல்லை’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். கலெக்டர் ஆபீசுக்கு அவரே போன் செய்து விஷயத்தைச் சொன்னார். நான் உட்கார்ந்து ஒரு பக்கம் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஆனால் அதற்குள் டிவியில் ‘ஆற்றில் குளித்த ஆசிரியர் நீல நிறமாக மாறினார்’ என்று ஓட ஆரம்பித்துவிட்டது. போட்டோவில் நான் சாக்கடைப் பாட்டிலோடு, உலகத் துயரமெல்லாம் சுமக்கிறவன் மாதிரி நிற்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா என்னை முக்காலியில் உட்காரவைத்தாள். கடலை மாவு, எலுமிச்சை, புளி, கடைசியில் பாத்திரம் தேய்க்கிற நார் என்று வரிசையாக எடுத்து வந்து தேய்த்தாள். “செத்த மூதி, ஒன்னப் பெத்ததுக்கு ஒரு நீலப் பாட்டிலப் பெத்திருந்தா வெள்ளவேட்டிக்காவது ஆயிருக்கும்” என்று தேய்ப்புக்கு ஒரு தரம் சொன்னாள். கன்னம் கொஞ்சம் வெளுத்தது. காதும் கழுத்தும் மசியவில்லை. நட்சத்திரம் மட்டும் நெற்றியில் பளிச்சென்று இருந்தது.

சாயங்காலம் ஷீபாவின் அப்பா பொன்னையா சார் போன் செய்தார். தபால் துறையில் ஓய்வு பெற்றவர், சபையில் ஜெபம் செய்வதில் பெயர் எடுத்தவர். டிவியில் பார்த்திருக்கிறார். சம்பந்தம் போச்சு என்று நான் சுவரில் சாய்ந்துவிட்டேன். “டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு” என்று அம்மா மென்று விழுங்கினாள். “டாக்டருக்குத் தெரியாததும் உண்டு டீச்சர். நீங்க வியாழக்கெழம தம்பியக் கூட்டிட்டு வாங்க. வராம இருந்துராதீய” என்று வைத்துவிட்டார். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார் என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

போனபோதுதான் புரிந்தது. சமாதானபுரத்தில் அவர்கள் வீட்டு ஹாலில் சித்தி, பெரியம்மா என்று பத்துப் பேர் பைபிளோடு உட்கார்ந்திருந்தார்கள். பலகாரத் தட்டை மூடி வைத்திருந்தார்கள். நான் மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டு, காதை மறைக்கத் தலைமுடியை இழுத்துவிட்டுக்கொண்டு, அரைகுறை நீலத்தில் போய் உட்கார்ந்தேன். பொன்னையா சார் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார்.

“ஆண்டவரே, இந்தத் தம்பியோட சரீரத்துல இருக்குற நீலத்த நீர் தொடும். காதத் தொடும். கழுத்தத் தொடும். இந்த ஆத்துத் தண்ணி வியாதி, வேரோட, விதையோட போகட்டும் ஆண்டவரே!”

“போகட்டும் ஆண்டவரே!” என்று பத்துப் பேரும் சேர்ந்து சொன்னார்கள். அன்றுவரை என்னைப் பார்த்தேயிராத ஒரு சித்தி விம்மி விம்மி அழுதார். நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். உள்வாசலில் ஷீபா நின்றுகொண்டிருந்தாள். அவளும் கண்ணை மூடவில்லை. என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமென் சொன்னதும் பொன்னையா சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தம்பி, ஒண்ணே ஒண்ணுதான். நீலம் நீங்குன ஒடனே, வார ஞாயித்துக்கெழம ஆராதனையில சபைக்கு முன்னால நின்னு நீங்க சாட்சி சொல்லணும். ஆண்டவர் எனக்கு சொகம் குடுத்தாருன்னு சொன்னாப் போதும். அதுக்கு அடுத்த வாரமே நிச்சயம் வச்சிருவோம். நான் ஒங்களப் பாக்கயில வியாதியப் பாக்கல, பிள்ளையத்தான் பாக்கேன்.”

கணக்குப் போட்டேன். சனிக்கிழமைக்குள் எப்படியும் நீலம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நான்கு வரி பேச வேண்டும். ஷீபா கிடைத்துவிடுவாள். உண்மையைச் சொன்னால்? வியாதிக்காரனை மன்னித்துப் பெண் கொடுக்க வந்தவர், கோட்டி பிடித்த பைத்தியக்காரனுக்கு எதற்குக் கொடுப்பார்? அம்மாவைப் பார்த்தேன். அவள் மின்விசிறியை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அந்தச் சித்தி மூக்கைச் சிந்திக்கொண்டே, “நான் ஞாயித்துக்கெழம வரைக்கும் உபவாசம் இருக்கேன் தம்பி, பயப்படாதீய” என்றார். வரிசை தாண்ட ஒரு பொய்; அதற்காக முகம் தெரியாத ஒரு மனுஷி நான்கு நாள் பட்டினி கிடக்கப் போகிறார். முன்னால் இருந்த டம்ளர் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்தேன். காதுக்குப் பின்னால் அழுத்தித் தேய்த்தேன். நீலம் ஒட்டிய கைக்குட்டையைப் பொன்னையா சாரிடம் நீட்டினேன்.

“வியாதி இல்ல சார். சொட்டு நீலம். நானே பூசினேன்.”

பொன்னையா சார் கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்பம் நாங்க இவ்வளவு நேரமும் எதுக்குத் தம்பி ஜெபிச்சோம்?”

எல்லாவற்றையும் சொன்னேன். ஆசான், புதுப் பெண்மணி, மனு, சுடலைமுத்து, ஆம்புலன்ஸ், ஒன்று விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. சித்தி அழுகையை நிறுத்திவிட்டு, மூடியிருந்த பலகாரத் தட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எழுந்து போய்விடலாம் என்று அம்மாவுக்கு ஜாடை காட்டினேன்.

“அந்தப் பழைய ஆளுக்காகவா இவ்வளவும்?” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. ஷீபா.

“ஏன், அவருக்கென்ன?” என்றேன்.

“கடைசி மூணு வருசமா கப்பல ஒரே எடத்துல நிப்பாட்டி வச்சிக்கிட்டு, அவனவன் பழங்கதை பேசிக்கிட்டுக் கெடந்தானுவ. டாக்டர் நீலன் அழுறதத் தவிர என்ன செஞ்சாரு? புதுசா வந்தவங்க அவரையாவது எந்திச்சு நடக்க வைப்பாங்க.”

அந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? தலையாட்டுவான். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அது ஆழமான மௌனம். ஒங்களுக்குப் புரியல” என்றேன். முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. கருந்துளை வந்தது, கப்பலின் எரிபொருள் வந்தது, மாமியார்களும் வந்தார்கள். அம்மா என் காலை இரண்டு முறை மிதித்தாள். பொன்னையா சார் பந்து விளையாட்டுப் பார்க்கிறவர் போல இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவரே கையை உயர்த்தினார். “ஏட்டி ஷீபா, போதும். ஒம் முடிவு என்ன, அதச் சொல்லு.”

ஷீபா என்னை நேராகப் பார்த்தாள். “நெத்தியில நட்சத்திரத்தப் பாத்ததும் எனக்கு வேசம்னு தெரிஞ்சுபோச்சுப்பா. ஒங்ககிட்ட உள்ளதச் சொல்லுதாரா, இல்ல சபைக்கு முன்னால நின்னு புளுகுவாரான்னு பாக்கத்தான் நின்னேன். சாட்சி சொல்லுதேன்னு சொல்லிருந்தா வாசல் வரைக்கும் நானே கொண்டு விட்டிருப்பேன். சொல்லிட்டாரு. அதனால சரி.” பிறகு என் பக்கம் திரும்பி, “ஆனா புது ஆளு எழுதுறத ஒரு வருசம் வாய் தொறக்காமப் பாக்கணும்” என்றாள்.

சித்தி பலகாரத் தட்டை மனசில்லாமல் திருப்பி வைத்தார்.

ஒரு வருடம் வாய் திறக்காமல் பார்த்தேன். புதியவர் பொறுப்பேற்ற மூன்றாவது வாரமே கப்பல் கிளம்பிவிட்டது. எங்கள் கல்யாணம் முடிந்த கையோடு டாக்டர் நீலனைக் கேப்டனாக்கிவிட்டார். அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் என்று ஷீபாவிடம் சொன்னேன். (சமையலறை நான்கு அறை தள்ளி இருந்தது.) சுடலைமுத்துவிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். “அது கெடக்கட்டும் தம்பி. மனு குடுத்து மனு குடுத்து அலுத்துப்போனோம், ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான் அன்னைக்கே ஆத்துக்கு ஆபீசருக வந்தாங்க” என்று சொல்லி, கல்யாணத்துக்கு ஐந்து தார் வாழைப்பழம் இறக்கினார்.

மாமாவும், அதாவது பொன்னையா சாரும், என்னை மன்னித்துவிட்டார். ஆனால் அவருடைய ஜெப வாழ்க்கையில் ஒரு மாற்றம் வந்துவிட்டது. போன வருடம் எங்கள் மகள் பிறந்தாள். பிறந்த மூன்றாம் நாள் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை என்றார்கள். ஷீபா பயந்து அழுதாள், நான் மாமாவுக்குப் போன் போட்டேன். மாமா பைபிளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அறையில் எல்லாரும் கண்ணை மூடித் தலை குனிந்தோம். ஜெபம் ஆரம்பிக்கவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், மாமா கைக்குட்டையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பிள்ளையின் மஞ்சள் கன்னத்தை ஓரமாக ஒரு தடவை துடைத்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“இது நெசந்தான்” என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் கண்ணை மூடினார்.